வன்னியில் இருந்து ஐரோப்பா போகும் ஆசிரியருக்கு: இரண்டு மூன்று நாள் பயணங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முறிகண்டிக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியில் பதினொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, கணவர் இருந்த ஜேர்மனிக்குப் போய் இப்போது ஆறு வருடம். டோர்ட்முண்டில் இருக்கிறோம். பின்னேரங்களில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம். இந்த முறை லீவில் வந்து நின்றபோது, முன்பு என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு தங்கச்சி கொப்பியும் பேனையுமாக வந்துவிட்டாள், அவளும் அடுத்த மாதம் ஜேர்மனிக்குப் போகிறாள். "அக்கா, அங்க போய் வீடும் வேலையுமா மட்டும் இருக்கமாட்டன். லீவு நாளில நாலு இடம் பாக்கவேணும். எப்பிடிப் போறது, என்னென்ன கவனிக்கோணும், எல்லாம் சொல்லுங்கோ" என்றாள். இரண்டு மணித்தியாலம் சொன்னேன். 2022இல் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று வந்த பிறகு எனக்குத் தெரிந்த பல ஆசிரியர்கள் வெளிக்கிட்டுவிட்டார்கள், அவர்களுக்கும் உதவட்டும் என்று அவளுக்குச் சொன்னதை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் கடதாசிகள்

எங்களிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு மட்டும் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போக முடியாது, ஆனால் ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, சுவிஸ் மாதிரி ஒரு ஷெங்கன் நாடு (தங்களுக்குள் வழமையான எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) கொடுத்த வதிவிட அட்டை கையில் இருந்தால் வேறு விசா எடுக்காமலே மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வரலாம். புதிதாகப் போனவர்களுக்கு அட்டை கிடைக்கச் சில மாதம் ஆகும், அதுவரை பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் நீண்டகால விசாவே போதும், அது முடியும் திகதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது 29 நாடுகள் ஷெங்கனுக்குள் இருக்கின்றன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1இல் முழுதாக உள்ளே வந்தன. சுவிஸும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கின்றன. பிரித்தானியா, அயர்லாந்து, சைப்ரஸ் மூன்றும் வெளியே. லண்டனில் சித்தப்பா இருக்கிறார், ஒரு சனி ஞாயிறு எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள், இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக விசா எடுக்க வேண்டும், அதற்குக் காசும் வேறு, நாளும் வேறு.

இங்கே ஒரு குழப்பம் வரும். யூரோஸ்டார் என்றால் லண்டன் ரயில் என்றுதான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். 2023இல் தாலிஸ் ரயில்களுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதனால் கேல்ன் (கொலோன்) நகரில் இருந்து பிரசல்ஸ், பாரிஸ் போகிற ரயிலும் இப்போது யூரோஸ்டார்தான். அதில் பாரிஸ் போக உங்களுக்குப் பிரித்தானிய விசா தேவையில்லை. பெயரைப் பார்த்துப் பயந்து இரவு பஸ்ஸில் போனவர்களை எனக்குத் தெரியும்.

மற்ற நாடுகளில் தங்கக்கூடியது எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள். உங்களுக்கு அட்டை தந்த நாட்டில் இருக்கும் நாள் இந்தக் கணக்கில் வராது. இரண்டு மூன்று நாள் பயணம் போகிறவருக்கு இந்த எல்லை தட்டவே தட்டாது, ஆகவே இதில் மினக்கெட வேண்டாம். மினக்கெட வேண்டியது வேறொன்றில்: அட்டையும் பாஸ்போர்ட்டும் இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் செல்லாது. எல்லையே இல்லை என்று சொன்னாலும் 2024 செப்டெம்பரில் இருந்து ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போட்டிருக்கிறது, ரயிலுக்குள் ஏறிப் பார்ப்பார்கள், எங்கள் நிறத்தைக் கண்டால் எங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். கேட்டால் பதறாமல் எடுத்துக் காட்டுங்கள், அவ்வளவுதான். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகக் கடிதத்தோடு இருக்கும் நாட்களில் எல்லை தாண்டாதீர்கள். சில தற்காலிகக் கடிதங்களை வைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வர முடியாது.

அகதி அந்தஸ்து கிடைத்து நீலப் பயணப் புத்தகம் வைத்திருப்பவர்களும் அதோடு வதிவிட அட்டையும் இருந்தால் ஷெங்கனுக்குள் போகலாம். வழக்கு முடியாமல் இருப்பவர்கள் எல்லை தாண்டக் கூடாது. அவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், உங்களுக்கென்று எல்லை தாண்டாத இரண்டு இடம் கீழே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் முகமும் கைரேகையும் எடுக்கும் புதுமுறை 2025 ஒக்ரோபர் 12இல் தொடங்கியது. வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு அது இல்லை. மெசின் வரிசையில் போய் நிற்காமல் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போங்கள்.

நாள் பார்ப்பது

இங்கே எங்களுக்குச் சித்திரை, ஆவணி, மார்கழி என்று, முஸ்லிம் பள்ளிக்கூடங்கள் தவிர, நாடு முழுக்க ஒரே தவணை லீவு. ஜேர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு திகதி, பிரான்சில் ஏ, பீ, சீ என்று மூன்று வலயம். எல்லாரும் ஒரே நாளில் தெருவில் இறங்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இது உங்களுக்கு நல்லது. பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர் லீவில்தான் போக முடியும், ஆனால் உங்கள் மாநிலத்துக்கு லீவாக இருக்கும்போது நீங்கள் போகிற நாட்டில் பள்ளிக்கூடம் நடக்கிறதா என்று பார்த்துப் போனால் தங்குமிடம் மலிவாக இருக்கும், சனமும் குறைவு.

குறுகிய பயணத்துக்கு நான் வைத்திருக்கும் நாள் இயேசு விண்ணேற்பு நாள். அது எப்போதும் வியாழக்கிழமைதான். வெள்ளி ஒரு நாள் லீவு எடுத்தால் நான்கு நாள். எங்கள் மாநிலத்தில் அதற்குப் பிறகு வருகிற கோர்ப்புஸ் கிறிஸ்ரி திருநாளும் வியாழன்தான். ஆனால் இந்த இரண்டு கிழமைக்கும் எல்லாரும் இதையேதான் யோசிப்பார்கள், தைப்பொங்கல் நேரமே டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் போனால் ஒன்றை மறக்காதீர்கள்: மார்கழியில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். தனியாகப் போகும் பெண்கள், வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் போய்ச் சேருகிற மாதிரி ரயிலைப் பாருங்கள்.

ஊரைத் தெரிவு செய்வது: ஒரு பாடவேளைக்கு ஒரு நோக்கம்

நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயமே இதுதான். முதல் வருடம் நானும் கணவரும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாளில் ஐந்து நாடு போனோம். வந்த பிறகு படங்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறோம், அடுத்த படத்தில் ஒரு பாலத்தில் நிற்கிறோம், எல்லாருடைய முகத்திலும் நித்திரை. மகள் வானுக்குள் சத்தி எடுத்ததுதான் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் மூன்று அலகைத் திணித்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது என்று ஆசிரியர் எங்களுக்குத் தெரியாதா? பாடக்குறிப்பு எழுதும்போது நோக்கம் ஒன்று என்று எழுதிவிட்டுத்தானே தொடங்குவோம். பயணத்துக்கும் அப்படியே எழுதுங்கள். ஒரு ஊர், இரண்டு இரவு, பார்க்க வேண்டிய முக்கியமான ஒரு இடம். அந்த ஒன்றுக்கு ஒரு முழுக் காலை. மிச்ச நேரம் நடை, சந்தை, ஒரு வாங்கில் இருந்து சனத்தைப் பார்ப்பது. நான் கொப்பியில் முதல் வரியாக எழுதுவது, "இந்த ஊரில் எதைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன்?" அதற்குப் பதில் வராவிட்டால் அந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பதில்லை.

தூரத்துக்கு என் அளவு, வீட்டு வாசலில் இருந்து தங்குமிட வாசல் வரை ஐந்து மணித்தியாலம். அதற்கு மேல் போனால் மூன்று இரவாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போய் வந்த களைப்புத்தான் மிச்சம்.

முதல் பயணத்துக்கு நான் எல்லாருக்கும் சொல்வது லக்சம்பேர்க். 2020 பெப்ரவரி 29இல் இருந்து அந்த நாட்டுக்குள் பஸ், ட்ராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் இலவசம், வெளியூர்க்காரருக்கும்தான். ஜேர்மனியில் இருந்தால் கொப்ளென்ஸில் ஏறி மோசல் ஆற்றோரமாக ட்ரியர் வரைக்கும் வாருங்கள். இரண்டு பக்கமும் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், செங்குத்தாக, எங்கள் தட்டை நிலத்தில் வளர்ந்த கண்ணுக்கு அது நம்ப முடியாத விவசாயம். ட்ரியரில் ரோமர் கட்டிய கறுப்பு வாசலைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் லக்சம்பேர்க். கார்ல்ஸ்ரூ, ஒஃபென்பூர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்ட்ராஸ்பூர் இன்னும் சுகம், எல்லையில் இருக்கும் கேல் வரை ஜேர்மன் ரயிலில் வந்தால் அங்கே இருந்து ரைன் ஆற்றைத் தாண்டி டி இலக்க ட்ராம் பிரான்சுக்குள் போகிறது.

எல்லை தாண்ட முடியாதவர்களுக்கு, அல்லது முதலில் பழகிப் பார்க்க விரும்புபவர்களுக்கு, ஜேர்மனிக்குள்ளேயே இரண்டு. ஒன்று ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்குக் கண்டது, கோடையில் தேர் இழுக்கும்போது நல்லூர் ஞாபகம் வரும். மற்றது ஆல்டெனா. இதை ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 1909இல் ரிச்சார்ட் ஷிர்மான் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிக்கொண்டு போனபோது புயலும் மழையும் பிடித்து, ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். லீவில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தங்கினால் என்ன என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியதில் இருந்துதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் இளைஞர் விடுதிகள் வந்தன. முதல் நிரந்தர விடுதி ஆல்டெனா கோட்டைக்குள். அந்தப் பழைய படுக்கை அறைகளை இன்றைக்கும் காட்டுகிறார்கள், பெரிய மரக்கட்டில்கள். இடம்பெயர்ந்த நாட்களில் பள்ளிக்கூட வகுப்பறைகளில் படுத்தெழும்பிய எங்களுக்கு அந்த அறைக்குள் நின்றால் மனதுக்குள் என்னவோ செய்யும், மழைக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடத்தைத் தேடிய ஒரு வாத்தியாரை எங்களுக்கு விளங்கும்.

ரயிலா, பஸ்ஸா, விமானமா

ஜேர்மனியில் இருப்பவர்கள் டொய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், 2026 ஜனவரியில் இருந்து மாதம் 63. ஊர் பஸ், ட்ராம், பிரதேச ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம், ஐசிஈ, ஐசி மாதிரி வேக ரயில்களில் ஏற முடியாது. மாதச் சந்தா, நிறுத்துவதென்றால் அந்த மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்த வேண்டும். எல்லைக்கு அப்பால் சில ஊர்கள் வரைக்கும் கூடச் செல்லும், ஒஸ்ரியாவின் சால்ஸ்பூர்க் அதில் ஒன்று. எங்கள் சம்பளத்துக்கு இதைவிட நல்ல டிக்கெட் கிடையாது.

வேக ரயில் என்றால் முந்தி எடுப்பவருக்குத்தான் மலிவு. ரயில் பிந்தினால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்: ஒரு மணித்தியாலம் பிந்தினால் டிக்கெட் காசில் கால்வாசி, இரண்டு மணித்தியாலம் என்றால் அரைவாசி திருப்பித் தர வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம்.

இத்தாலியில் கடதாசி டிக்கெட்டோடு ஊர் ரயிலில் ஏறுவதானால் ஏற முதல் மேடையில் இருக்கும் சின்ன மெசினில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும். எனக்கு அது தெரியாது. டிக்கெட் காசு கொடுத்து வாங்கியதுதான், கையில் இருக்கிறது, ஆனாலும் தண்டம் கட்ட வைத்தார்கள், மகளுக்கு முன்னால் களவெடுத்த ஆள் மாதிரி நிற்க வேண்டி வந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் சுடும். அதனால்தான் யார் இத்தாலி போகிறேன் என்றாலும் முதலில் இதைச் சொல்கிறேன்.

விமானம் மலிவு மாதிரித்தான் தெரியும், கணக்கை முழுதாகப் போடுங்கள். பாரிஸ் பொவே என்று எழுதியிருக்கும் விமான நிலையம் பாரிசில் இருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர், கிளிநொச்சியில் இருந்து வவுனியா போகிற தூரம். பிராங்பேர்ட் ஹான் என்பது பிராங்பேர்ட்டில் இருந்து 120 கிலோமீற்றர் அளவு. அங்கே இருந்து நகருக்கு வரும் பஸ் காசையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ரயில்தான் லாபம் என்று பல முறை வரும். போவதென்றால் இலவசமாக விடும் பை சின்னது, பள்ளிக்கூடப் பை அளவு, 40க்கு 30க்கு 20 சென்ரிமீற்றர் என்று பல கம்பனிகளில், வீட்டிலேயே அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் சில கம்பனிகளில் ஏற முதல் மேசையில் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், ஆகவே அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். 1500 கிலோமீற்றருக்குள் பறக்கும் விமானம் கம்பனியின் பிழையால் மூன்று மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 250 யூரோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காலநிலை பிழைத்தால் இல்லை.

எங்கே தங்குவது

இதில்தான் எங்கள் ஆட்களுக்கு மனச்சங்கடம். பாரிசில் மாமி இருக்கிறா, சூரிச்சில் பெரியம்மாவின் மகன் இருக்கிறார், ஹோட்டலில் தங்கினால் கோபிப்பார்கள். வன்னியில் விருந்தாளி சொல்லாமல் வந்தாலும் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டால் சரி, விறாந்தையில் பாய் விரித்தால் சரி. பாரிசில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், மாமா இரவு வேலை முடித்து விடிய ஆறு மணிக்கு வந்து படுக்கிறார். நாங்கள் போனால் அவருடைய நித்திரை போகும், மாமி லீவு போட்டுச் சமைப்பா, அந்த நாள் சம்பளம் போகும். அவர்கள் சொல்ல மாட்டார்கள். நாங்கள்தான் யோசிக்க வேண்டும். ஒரு மாதம் முதலே போன் எடுத்து, "மாமி, தங்க இடம் எடுத்திட்டன், ஞாயிறு மத்தியானம் உங்கட கையால சாப்பிடத்தான் வாறன்" என்று சொல்லுங்கள். ஒருவருக்கும் மனம் நோகாது. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், ஊரில் இருந்து வந்த மிளகாய்த்தூளோ பனங்கட்டியோ ஒரு சின்னப் பொதி கொண்டுபோங்கள், எந்த சொக்லேட் பெட்டியும் அதற்கு ஈடில்லை.

இளைஞர் விடுதிகளில் வயது எல்லை பெரும்பாலும் இல்லை, குடும்ப அறைகளும் உண்டு, காலைச் சாப்பாடும் உண்டு. பல நகரங்களில் வாடகைக்கு மேலே நகர வரி சேரும், அம்ஸ்ரடாமில் அது அறை விலையில் 12.5 வீதம், ஆகவே கடைசித் தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

பையும் சாப்பாடும்

முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடு கட்டுங்கள். ரொட்டியும் ஈரமில்லாமல் வறுத்து இடித்த கட்டைச் சம்பலும் அடுத்த நாள் வரை தாங்கும். இடியப்பம், தேங்காய்ச் சம்பல் கோடையில் பின்னேரத்துக்கே பழுதாகிவிடும். விமானத்தில் போவதென்றால் ஊறுகாய், சட்னி, குழம்பு எல்லாம் தண்ணீர்க் கணக்கில்தான் வரும், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். அம்மா போட்டுத் தந்த மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தலை நான் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். முறிகண்டியில் வாங்கிய வறுத்த கச்சானை மட்டும் எந்த விமான நிலையத்திலும் யாரும் பறித்ததில்லை.

பாரிசில் லாச்சப்பல் பக்கம் போனால் கொத்துரொட்டி, றோல்ஸ், வடை, கருவேப்பிலை எல்லாம் இருக்கும், கார் து நோர் ரயில் நிலையத்தில் இருந்து நடக்கலாம், மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் அங்கேதான். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சூரிச்சில் மட்டும் 1200க்கு மேற்பட்ட பொதுக் குழாய்கள், ஏறத்தாழ அத்தனையிலும் குடிக்கலாம். வெறும் போத்தல் ஒன்று பையில் இருக்கட்டும்.

நகையை வீட்டில் வையுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் கழுத்து மூடிய சட்டைக்கு உள்ளே விடுங்கள், பாரிஸ், பார்சலோனா, ரோம் மூன்றிலும் சனநெரிசலில் அறுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பை எப்போதும் வயிற்றுப் பக்கம்.

மருத்துவ அட்டையின் பின்பக்கத்தில் ஐரோப்பியக் காப்புறுதி அட்டை இருக்கும், ஒன்றிய நாடுகளில் அவசர வைத்தியத்துக்குச் செல்லும். ஆனால் ஒன்றியத்துப் பிரஜை அல்லாத எங்களுக்கு டென்மார்க், நோர்வே, சுவிஸ் போன்ற இடங்களில் அது செல்லாது, சில யூரோவுக்குப் பயணக் காப்புறுதி தனியாக எடுங்கள். அவசரத்துக்கு எந்த நாட்டிலும் 112.

இறங்கிய பிறகு

போன்: ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூனில் இருந்து ரோமிங் காசு இல்லை. சுவிஸ் அதற்குள் இல்லை! பாசலில் ரயில் நிற்கும்போதே டேட்டாவை நிறுத்திவிடுங்கள், வட்ஸ்அப்பில் இரண்டு வீடியோ பார்த்ததற்கே பெரிய பில் வரும். கடையில் அட்டை மெசின் "யூரோவிலா, உள்ளூர்க் காசிலா" என்று கேட்டால் உள்ளூர்க் காசையே அமத்துங்கள், மற்றதில் மாற்று விலை மோசம். கழிப்பறைக்கு ஐம்பது சதக் குற்றிகள் சில சட்டைப் பையில் இருக்கட்டும். ஜேர்மனியில் ஞாயிறு கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். இத்தாலியில் அரச அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். லூவர் செவ்வாய் பூட்டு.

அம்ஸ்ரடாமில் யூதச் சிறுமி ஆன் பிராங்க் குடும்பத்தோடு நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீட்டுக்கு டிக்கெட் வாசலில் கிடைக்காது, ஒவ்வொரு செவ்வாயும் ஆறு கிழமைக்குப் பிந்திய நாட்களுக்கு இன்டர்நெட்டில் விடுவார்கள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை எட்டுப் பேர் அங்கே சத்தம் போடாமல் இருந்தார்கள். பங்கருக்குள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த ஆட்களுக்கு அது லேசான இடமில்லை. அந்த நாளுக்கு வேறொன்றும் வைக்காதீர்கள்.

எனக்குச் சரியாக அமைந்த இரண்டு பயணம்

முதலாவது ரொட்டர்டாம். நோக்கம் ஒன்றே ஒன்று, கின்டர்டைக் காற்றாலைகள். நகரில் இருந்து ஆற்றுப் படகில் போகலாம். பெரும்பாலும் 1740 அளவில் கட்டிய ஆலைகள், மொத்தம் 19 நிற்கின்றன. கரையால் நடந்து பார்க்கக் காசில்லை, உள்ளே ஏறிப் பார்க்க மட்டும் டிக்கெட். இரணைமடுக் கட்டில் நின்று வளர்ந்த எனக்கு அங்கே முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் குளத்தில் தண்ணீர் மேலே, வயல் கீழே, துருசைத் திறந்தால் தானாக ஓடும், மழை கூடினால் வான்கதவு. அங்கேயோ வயல்தான் எல்லாவற்றுக்கும் கீழே. ஆறு உயரத்தில் ஓடுகிறது, வயலில் தேங்கும் தண்ணீரைக் காற்றாலை கொத்தி அள்ளி மேலே உள்ள தேக்கத்துக்கு ஏற்றுகிறது, அங்கே இருந்து ஆற்றுக்கு. ஒரு ஆலைக்குள் இறங்கி அந்தத் துடுப்புச் சக்கரத்தைக் கிட்ட நின்று பார்த்தேன், மரமெல்லாம் பாசி, ஒவ்வொரு சுற்றுக்கும் வீடே மெல்ல நடுங்குகிறது, மேலே சுவரில் குடும்பத்துப் படுக்கை. இன்றைக்கும் அந்த ஆலைகளில் பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அன்றிரவே அதை ஐந்து நிமிட வீடியோவாகக் கிளிநொச்சிக்கு அனுப்பினேன், என் பழைய வகுப்பைப் படிப்பிக்கும் ரீச்சர் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினா. ஒரு பொடியன் குரல்பதிவில் கேட்டான், "ரீச்சர், நாங்க தண்ணிக்கு மழையைப் பாத்துக்கொண்டிருக்கிறம், அவையள் ஏன் இருக்கிற தண்ணியை வெளியில இறைக்கினம்?" ஒரு முழுப் பாடம் அந்தக் கேள்வியில் இருந்தது.

இரண்டாவது ஜெனீவா. தூரம், அதனால் மூன்று இரவு. சுவிசில் விலை கூடத்தான், ஆனால் ஜெனீவாவில் தங்குமிடத்திலேயே நிற்கிற நாள் முழுக்கப் பஸ், ட்ராமுக்கு இலவச அட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் இருந்து 15ஆம் இலக்க ட்ராமில் ஏறி நாசியோன் தரிப்பிடத்தில் இறங்கினால் ஐநா கட்டடத்துக்கு முன்னால், 2009இல் அங்கே தீக்குளித்த முருகதாசனின் பெயரில் முருகதாசன் திடல் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் அந்த இடம். அங்கேதான் கால் உடைந்த கதிரை நிற்கிறது. 12 மீற்றர் உயரம், மூன்று கால் முழுசு, நாலாவது பாதியில் பிய்ந்து சிராய் சிராயாகத் தொங்குகிற மாதிரி. 1997இல், கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன், நாடுகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தது, செய்தவர் டானியல் பெர்செ என்ற சுவிஸ் கலைஞர். இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2017 டிசம்பரில். மற்றவர்கள் அதற்குக் கீழே சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் அந்தப் பிய்ந்த காலுக்கு நேர் கீழே போய் நிமிர்ந்து பார்த்தேன். எட்டாம் வகுப்பில் முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளையின் ஊன்றுகோல் நினைவுக்கு வந்தது.

அங்கே இருந்து நடக்கும் தூரத்தில் செஞ்சிலுவை அருங்காட்சியகம். முதலாம் உலகப் போரில் பிடிபட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் தேடி எழுதிய அட்டைகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, ஒவ்வொரு அட்டையும் ஒரு ஆள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டம் இருக்கத் தொடங்கிய அம்மாக்களைத் தெரிந்தவர்கள் அங்கே அதிக நேரம் நிற்பீர்கள். நேரத்தை அதற்கு ஏற்ற மாதிரி வையுங்கள்.

திரும்பி வந்த பிறகு

பாஸ்போர்ட்டையும் அட்டையையும் அதே உறையில் அதே லாச்சிக்குள் வைத்துவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும். பிந்திய ரயிலுக்கு விண்ணப்பம் அந்தக் கிழமையே போடுங்கள். செலவைக் கொப்பியில் எழுதுங்கள். ரொட்டர்டாம் எங்களுக்கு இரண்டு பேருக்கு இரண்டு இரவு 310 யூரோ, அதை எழுதி வைத்ததால்தான் ஜெனீவாவுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது.

அப்புறம், ஊருக்கு வரும்போது சில படங்களைக் கடையில் பிரதி எடுத்துக் கொண்டுவாருங்கள். போனில் காட்டினால் பிள்ளைகள் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், கடதாசியில் இருந்தால் கையில் வைத்துப் பார்ப்பார்கள். போன செவ்வாய் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் உடைந்த கதிரைப் படத்தை வகுப்பில் சுற்ற விட்டேன். ஏன் கால் உடைந்திருக்கிறது என்று கேட்டேன். பளைப் பக்கத்தில் இருந்து வந்து படிக்கும் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், எங்கட அம்மா முகமாலையில மைன்ஸ் எடுக்கிறவா" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. மணி அடித்த பிறகு என்னிடம் வந்து அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். நீங்கள் எதைப் படம் எடுத்தாலும் இரண்டு பிரதி எடுங்கள்.